பழைய காரின் பின்பக்கம்: பம்பருக்கு முன் இறப்பரைப் பாருங்கள்

பழைய கார் ஒன்றை விலை பேசப் போகிறவர்கள் பொதுவாக முன்பக்கம் போய்த்தான் நிற்பார்கள். பொனட்டைத் திறக்கச் சொல்வார்கள், எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் காது கொடுத்துக் கேட்பார்கள், டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். நான் பின்பக்கம் போவேன். டிக்கியைத் திறந்து, கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்பெயார் சில்லு கிடக்கும் பள்ளத்தில் கையை வைத்துப் பார்ப்பேன். கை ஈரமாக வந்தாலோ, சிவந்த தூள் விரலில் ஒட்டினாலோ, எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் அந்த விலையை மறுபடியும் பேச வேண்டியிருக்கும். எஞ்சின் பழுதானால் கழற்றிவிட்டு இன்னொன்றை வைக்கலாம். தகடு உக்கிப்போனால் அப்படிச் செய்ய முடியாது.

இந்த விடயத்தை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச் மாதம் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களைக் கொண்டுவர மறுபடியும் வழி திறந்தது. அந்த ஐந்து வருட காலத்தில், இருந்த வாகனத்தை வைத்துத்தான் நாமெல்லோரும் கடை நடத்தினோம். விற்றுவிடலாம் என்று நினைத்த பழைய வானும் காரும் முதலுக்குச் சமமான சொத்தாகிவிட்டன. இறக்குமதி திறந்த பிறகும், வரியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் சிறு வியாபாரி ஒருவருக்குப் புதிய வாகனம் எட்டாத உயரத்திலேயே நிற்கிறது. ஆகவே பலரும் பழையதைத் திருத்தி வைத்துக்கொள்வோம் என்ற முடிவுக்கு வருகிறார்கள். முடிவு நல்லதுதான். ஆனால் காசை எங்கே முதலில் போடுகிறார்கள் என்று பார்த்தால், பின் பம்பரைக் குரோம் போடுவதிலும், கண்ணைப் பறிக்கும் எல்இடி லைட் மாட்டுவதிலும் போடுகிறார்கள். இறப்பரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும். முதலில் தண்ணீர், அடுத்தது மின்சாரம், மினுக்கம் கடைசி. இதை எனக்கு விளங்க வைத்த இடம் யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள கரவெட்டி.

கரவெட்டிக்கு உதிரிப்பாக வியாபாரம் சம்பந்தமாகப் போய்வந்த நாட்களில் நெல்லியடிச் சந்தியிலும் அதைச் சுற்றியுள்ள வீதிகளிலும் ஓடிய கார்களைப் பார்த்து வியந்திருக்கிறேன். ஒஸ்டின் ஏ40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட், மொரிஸ் மைனர் என்று ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இங்கிலாந்தில் செய்யப்பட்ட வண்டிகள். அவற்றை யாரும் அழகுக்காக வைத்திருக்கவில்லை. 1990இலிருந்து வடக்கின் மீது இருந்த பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கிடையாது, பெட்டரி கிடையாது, உதிரிப்பாகம் கிடையாது. சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. எளிய எஞ்சினும் தடித்த தகடும் கொண்ட இந்தக் கார்கள்தான் அந்தச் சோதனையைத் தாங்கின. ஏ9 வீதி 2002இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மறுபடியும் மூடி, 2009இல் போர் முடிந்த பிறகு நிலையாகத் திறந்த வரைக்கும் அங்கே கராஜ் வைத்திருந்தவர்கள் கையிலிருந்த பொருளை வைத்தே எல்லாவற்றையும் திருத்தப் பழகிக்கொண்டார்கள்.

அப்படிப் பழகிய ஒரு டின்கரிங் வேலைக்காரர் கரவெட்டியில் இருந்தார். வயதில் என்னைவிட மூத்தவர். என்னை “நானா” என்றுதான் அழைப்பார், நான் அவரை “அண்ணை” என்பேன். பம்பரை மினுக்கித் தரும்படி ஒருவர் கொண்டுவந்த மொரிஸ் மைனரைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “நானா, தண்ணி எதுக்குள்ளால வருகுதெண்டு பாக்காமல் பெயின்ட் அடிக்கிறது, சீழ் இருக்கேக்கை மேலால மருந்து பூசிக் கட்டுறது மாதிரி.”

வடமராட்சியில் இது வெறும் பேச்சல்ல. மூன்று பக்கமும் கடலும் களப்பும். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியால் வருகிறவர்கள் வல்லைவெளியைத் தாண்டித்தான் நெல்லியடிக்கு வர வேண்டும். அந்த வெளியில் இரு பக்கமும் உவர் நீர், நடுவில் வீதி, நிற்காமல் வீசும் காற்று. உப்புக் கலந்த ஈரம் டிக்கியின் மடிப்புகளுக்குள் ஒருமுறை புகுந்துவிட்டால் வெயிலிலும் முழுதாகக் காயாது, ஏனென்றால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும். காலி, நீர்கொழும்பு, புத்தளம், கல்முனை என்று கரையோரத்தில் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான்.

இனி இறப்பருக்கு வருவோம்.

காரின் பின்பக்கத்தில் தண்ணீர் புகும் வழிகள் நான்கு. டிக்கி மூடியைச் சுற்றியுள்ள இறப்பர், பின் கண்ணாடியைப் பிடித்திருக்கும் இறப்பர், பின்லைட்டுகளுக்கும் தகட்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய வாஷர், வயர்கள் தகட்டைத் துளைத்துப் போகும் ஓட்டைகளிலுள்ள சிறு வளையங்கள். டிக்கி நனைந்தால் நாம் நேரே மூடி இறப்பரைத்தான் குற்றஞ்சாட்டுவோம். பெரும்பாலும் குற்றவாளி பின்லைட் வாஷர். ஆகவே புதிய இறப்பர் வாங்க முன்னர் சோதனை செய்ய வேண்டும். ஒருவர் டோர்ச்சுடன் டிக்கிக்குள் இருக்க, மற்றவர் வெளியிலிருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். உள்ளே இருப்பவர் பெரியவராக இருக்கட்டும், சாவி வெளியே இருப்பவரின் கையில் இருக்கட்டும். கீழேயிருந்து தொடங்குங்கள். முதலில் லைட்டுகளின் மேல் ஊற்றி ஐந்து நிமிடம் பொறுங்கள். பிறகு மூடியின் விளிம்பு. கடைசியாகப் பின் கண்ணாடி. எடுத்த எடுப்பிலேயே கூரையிலிருந்து வாளியோடு கவிழ்த்தால் எல்லா இடமும் நனையும், எந்த வழியால் வந்தது என்று தெரியாது.

மூடி இறப்பருக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. அதன் மேல் சோக்குத் தூளையோ குழந்தைகளுக்குப் போடும் பவுடரையோ தடவி, மூடியை ஒருமுறை சாத்தித் திறவுங்கள். எதிர்த் தகட்டில் தூள் ஒட்டாத இடத்தில் இறப்பர் தொடவில்லை என்று அர்த்தம். அப்படித் தொடாமல் இருப்பதற்கு இறப்பர் மட்டுமே காரணம் என்றும் நினைக்காதீர்கள். மூடியின் பிணைச்சலோ பூட்டின் கொக்கியோ தளர்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் தடித்த இறப்பரை வாங்கி ஒட்டினால் மூடி ஒரு பக்கம் எழும்பி நிற்கும், பூட்டு விரைவில் கெடும்.

புதிய இறப்பர் ஒட்டும்போது இழுத்து ஒட்டவே கூடாது. இழுபட்ட இறப்பர் சில மாதங்களில் பழைய நீளத்துக்குச் சுருங்கும், பொருத்து வாய் திறந்துவிடும். அரை அங்குலம் கூடுதலாக வெட்டி, நெருக்கித் தள்ளி ஒட்ட வேண்டும். பொருத்து வாய் மேலே பிணைச்சல் பக்கம் வரவேண்டாம், அங்கேதான் கூரைத் தண்ணீர் ஓடும். கீழே பூட்டுப் பக்கம் வரட்டும். பழைய பசையை முழுவதும் சுரண்டி, துரு இருந்தால் அதை எடுத்து, பிரைமர் அடித்துக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். துருவின் மேல் ஒட்டிய இறப்பர் துருவோடு சேர்ந்து கழன்று வரும்.

ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. குளியலறைக்கும் ஜன்னலுக்கும் அடிக்கிற சிலிக்கன் டியூப்பைக் காருக்கும் போதும் என்று கொடுத்துவிடாதீர்கள். வினாகிரி மணம் வருகிற வகை காயும்போது அமிலத்தை வெளிவிடும், அது இரும்பைத் தின்னும். எந்தச் சிலிக்கனாக இருந்தாலும் அது பட்ட இடத்தில் பிறகு பெயின்ட் பிடிக்காது. தகட்டுப் பொருத்துகளுக்கென்று வாகனச் சீலர் தனியாக இருக்கிறது. அதேபோல இறப்பர் பளபளக்க வேண்டும் என்று மண்ணெண்ணெயும் கிறீஸும் பூசுகிற பழக்கமும் விடப்பட வேண்டும். எண்ணெய் வகைகள் இறப்பரை ஊதவைத்து மெதுவாக்கிவிடும். சவர்க்காரத் தண்ணீரால் கழுவித் துடைத்து, சிலிக்கன் ஸ்பிரே இலேசாக அடித்தால் போதும். தகட்டை ஒட்டும் சிலிக்கன் வேறு, இந்த ஸ்பிரே வேறு. பெயின்ட் வேலை பாக்கி இருந்தால் இதையும் அதற்குப் பிறகே அடியுங்கள்.

மொரிஸ் ஒக்ஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இந்தியாவில் அம்பாசிடர் என்ற பெயரில் 2014 வரை செய்யப்பட்ட கார், ஒக்ஸ்போர்ட் மூன்றாம் வரிசையிலிருந்து வந்தது. அதற்காகச் செய்த சில இறப்பர்கள் ஒக்ஸ்போர்டுக்கும் பொருந்தக்கூடும். சென்னைப் பக்கம் வியாபாரத்துக்குப் போகிறவர்களிடம் சொல்லி வைக்கலாம், ஆனால் பழைய இறப்பரின் ஒரு துண்டைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். வாய்ச் சொல்லில் அளவு சொல்லி வாங்கிய இறப்பர் பொருந்தியதாக நான் காணவில்லை.

இறப்பர் விடயத்தில் துருவைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஓடும் வாகனத்தின் பின்னால் காற்றழுத்தம் குறையும், சைலன்சரிலிருந்து வரும் புகை அங்கேயே சுழலும். பின்கதவு இறப்பர் கிழிந்திருந்தால் அந்தப் புகை உள்ளே இழுபடும். காருக்கு இது ஓரளவு, டொயோட்டா ஹயேஸ் போன்ற வான்களுக்கும் வாகன் வகைகளுக்கும் இது மிகவும் பொருந்தும். புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சாமான் ஏற்றிக்கொண்டு இரவில் கொழும்புக்குப் போகும் வானில் பின்னால் படுத்துத் தூங்கும் பையனுக்கு விடியும்போது தலை இடிக்கிறது, வாந்தி வருகிறது என்றால், பயணக் களைப்பு என்று தள்ளிவிடாமல் பின்கதவு இறப்பரையும் சைலன்சர் பொருத்துகளையும் அன்றைக்கே பாருங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே, செலவுப் பட்டியலில் இறப்பருக்கு முதலிடம் கொடுக்கச் சொல்கிறேன்.

அடுத்தது லைட். வல்லைவெளியில் இரவில் பயணம் செய்தவர்களுக்கு இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பின்னால் வருகிறவருக்கு உங்கள் கார் இருப்பது தெரியவேண்டுமென்றால் அந்த இரண்டு சிவப்பு வெளிச்சம்தான் சாட்சி.

மங்கலாக எரியும் பின்லைட்டைக் கண்டதும் பல்பை மாற்றுவதுதான் வழக்கம். பழைய கார்களில் பெரும்பாலும் பல்பில் பிழை இருக்காது. எர்த்தில் இருக்கும். பல்புக்குப் போன மின்சாரம் தகட்டின் வழியாகத்தான் பெட்டரிக்குத் திரும்புகிறது, தகடு துருப்பிடித்தால் அந்தப் பாதை அடைபடும். பிரேக்கை மிதிக்கும்போது சிக்னல் மங்குவது, சிக்னல் போட்டால் பார்க்கிங் லைட்டும் சேர்ந்து துடிப்பது, இவை எல்லாம் எர்த் கோளாறின் அடையாளங்கள். சோதிக்க ஒரு துண்டு வயர் போதும். பெட்டரியின் எர்த் முனையிலிருந்து அந்த வயரை நேராகப் பின்லைட்டின் உலோகப் பாகத்தில் தொடுங்கள். வெளிச்சம் கூடினால் நோய் தெரிந்துவிட்டது. அந்த ஸ்குரூவைக் கழற்றி, தகட்டை வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டி, இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வெசலின் பூசிவிடுங்கள். இறப்பரில் படாமல் பூசுங்கள்.

பின்லைட்டின் உள்ளே வெளிச்சத்தைத் திருப்பும் தகடு கறுத்துப்போயிருந்தால் புதிய பல்பும் மங்கலாகவே தெரியும். அதைச் சுத்தம் செய்து வெள்ளிநிறப் பெயின்ட் பூசலாம். பிரேக்குக்கும் பார்க்கிங்கிற்கும் சேர்த்து ஒரே பல்ப் என்றால் அது 21 வாட், 5 வாட் என்று இரண்டு இழை கொண்டது. இரண்டு பின்களும் ஒரே உயரத்தில் இருக்காது, தலைகீழாகப் போடக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அதையும் பலவந்தமாகத் திருப்பிப் போட்டுவிட்டு, பிரேக் லைட் எந்நேரமும் எரிகிறதே என்று திகைக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

எல்இடி பல்ப் நல்லது, மின்சாரம் குறைவாக எடுக்கும், சூடு குறைவு. ஆனால் மொரிஸ் மைனரிலும் அந்தக் காலத்து ஒஸ்டின் கார்களிலும் பெட்டரியின் பொசிட்டிவ் முனைதான் பொடியோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய கார்களில் நெகட்டிவ். சாதாரண பல்புக்கு இந்த வேறுபாடு தெரியாது, எல்இடிக்குத் தெரியும். பொருந்தாத எல்இடி எரியாது. வாங்கும்போதே எந்த எர்த் என்று கேட்டு வாங்க வேண்டும். எல்இடி சிக்னல் போட்டால் பழைய பிளாஷர் ஒழுங்காக விட்டு விட்டு எரிய வைக்காது, ஏனென்றால் அது பல்ப் இழுக்கும் மின்சாரத்தின் சூட்டில்தான் வேலை செய்கிறது. பிளாஷரையும் மாற்ற வேண்டும். சிவப்பு மூடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடி போட்டால் ரோஸ் நிறமாகத் தெரியும், சிவப்பு எல்இடியே போடுங்கள். என்னைக் கேட்டால், தினமும் இரவில் ஓடாத காருக்கு எர்த்தைச் சரிசெய்த சாதாரண பல்பே போதும்.

மைனரில் 1961 வரை சிக்னல் லைட் கிடையாது. கதவுத் தூணிலிருந்து வெளியே எழும்பும் சிறு கைகாட்டிதான். இன்று பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிற பையன் அதைப் பார்த்து ஒன்றும் விளங்கிக்கொள்ள மாட்டான். கைகாட்டியை அழகுக்கு வைத்துக்கொண்டு, பின்னால் செம்மஞ்சள் சிக்னல் இரண்டு மாட்டுவதுதான் புத்தி. லைட் எரியாமல் நிற்கும் வேளைக்காகச் சிவப்புப் பிரதிபலிப்பானும் இரண்டு பக்கமும் இருக்கட்டும். இலக்கத் தகட்டு லைட்டை மறந்துவிடாதீர்கள், பொலிஸார் மறப்பதில்லை.

இனித்தான் பம்பர். மொரிஸ் மைனரின் பம்பருக்கு ஒரு வரலாறே உண்டு. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், 1948இல் கார் வெளிவருவதற்குக் கொஞ்ச காலம் முன்னர், வண்டி ஒடுங்கித் தெரிகிறதே என்று மாதிரிக் காரை நடுவால் வெட்டி நான்கு அங்குலம் அகலமாக்கச் சொன்னார். ஆனால் பழைய அளவில் பம்பர்கள் ஏற்கெனவே தயாராகிவிட்டன. அவற்றை எறிய மனம் வருமா? ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டி, நான்கு அங்குலத் துண்டு வைத்துப் பொருத்தினார்கள். ஆரம்பகால மைனர்களின் பம்பரில் அந்த ஒட்டு தெரியும். அதைக் கண்டு யாரோ உள்ளூரில் ஒட்டுப் போட்டது என்று விலை குறைத்துக் கேட்பவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அந்த ஒட்டுத்தான் அசலின் அடையாளம்.

குரோம் என்று நாம் சொல்வது ஒரு பூச்சு அல்ல. இரும்பின் மேல் செம்பு, அதன் மேல் நிக்கல், எல்லாவற்றுக்கும் மேலே மிக மெல்லியதாகக் குரோமியம். துருவைத் தடுப்பது முக்கியமாக நிக்கல். குரோம் போடுகிறவர் நிக்கலில் மிச்சம் பிடித்தால் கடையில் வாங்கும்போது கண்ணாடி போல இருக்கும், ஒரு மாரி கழிந்ததும் புள்ளி புள்ளியாகத் துரு எழும்பும். ஆகவே விலையை மட்டும் கேட்காமல், செம்பும் நிக்கலும் போடுவீர்களா என்று கேளுங்கள். பம்பரில் ஓட்டை இருந்தால் பட்டி வைத்து நிரப்பக்கூடாது. பட்டியில் மின்சாரம் ஓடாது, அதன் மேல் குரோம் பிடிக்காது. பித்தளை ஒட்டு வைத்துத் தேய்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

பம்பரின் முகத்தைவிட முதுகுதான் முதலில் உக்கும். சில்லு வீசும் சேறெல்லாம் அங்கேதான் படியும், பூச்சும் அங்கே மெல்லியதாக இருக்கும். குரோம் போட்டு வந்ததும் முதுகுப் பக்கத்துக்குத் துரு எதிர்ப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள். இலேசான துருப் புள்ளிகள் மட்டும் என்றால் குரோம் செலவே வேண்டாம். அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே பெரும்பகுதி போய்விடும், பிறகு மெழுகு போடலாம். தினமும் சாமான் ஏற்றியிறக்கும் வானுக்குக் குரோம் போடுவது வீண் என்பது என் கருத்து. சுத்தமாகத் தேய்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்தாலே மரியாதையாக இருக்கும். எண்பதுகளுக்குப் பிந்திய ஜப்பான் கார்களின் பிளாஸ்டிக் பம்பர் வெடித்திருந்தால் உள்பக்கமாகக் கம்பி வைத்து உருக்கி ஒட்டலாம். பெயின்ட் அடிக்க முன் பிளாஸ்டிக்குக்கு உரிய பிரைமர் போடாவிட்டால் தோல் உரிந்ததுபோல் உரியும்.

செலவை மிச்சம் பிடிக்க ஒரு வழி, மூன்று வேலையையும் ஒரே தடவையில் செய்வது. பம்பரைக் கழற்றினால்தான் அதன் தாங்கிகளும் பின் தகட்டின் அடியும் தெரியும். பம்பர் குரோமுக்குப் போய் வருகிற நாட்களில் இறப்பரையும் வயரையும் முடித்துவிடலாம். ஒரே கூலியில் இரண்டு தடவை கழற்றிப் பூட்டுகிற வேலை மிஞ்சும். வேலை நடக்கும்போது படம் எடுத்து வையுங்கள். நாளை விற்கும்போது, இந்த இடத்தில் துரு இருந்தது, இப்படித் திருத்தினோம் என்று காட்டி விற்கலாம். குறையைச் சொல்லி விற்ற வாகனத்துக்குக் குறைந்த விலை வரும் என்று பயப்படத் தேவையில்லை. பழைய காரை வாங்குகிறவர் மறைத்த இடத்தைத்தான் தேடுவார்.

இந்த வேலைகளைச் செய்யும் கைகள் நம் நாட்டில் இருக்கின்றன. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களையே புதுப்பித்து வந்த சார்ள்ஸ் வெயார் என்பவர், இலங்கையின் தென்பகுதியில் உள்ளூர்ப் பங்காளியோடு சேர்ந்து அந்தக் காருக்கான தகட்டுப் பாகங்களைச் செய்விக்கும் தொழிற்கூடமே தொடங்கினார். காரைப் பெற்ற நாடே நம்மிடம் பாகம் வாங்கியது. கரவெட்டி அண்ணையைப் போன்றவர்களிடம் இளைஞர்கள் இரண்டு பேர் போய்த் தொழில் பழகினால், அது நல்ல வியாபாரமாகும்.

கழற்றிய பாகங்களைக் கராஜிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். லூகாஸ் என்று பொறித்த பழைய பின்லைட் மூடி வெடித்திருந்தாலும் அதன் குரோம் வளையத்துக்குப் பஞ்சிகாவத்தையில் ஆள் தேடலாம். கிழிந்த இறப்பரை எறிந்துவிடலாம். அதிலும் ஒரு சாண் துண்டை வெட்டி, எந்தக் கார், எந்த ஆண்டு என்று எழுதிக் கட்டி மேசை லாச்சிக்குள் போட்டு வையுங்கள். அடுத்த தடவை கடைக்குக் கொண்டு போக மாதிரி வேண்டும்.